எட்டு வீட்டுக்கு ஒரு பசி

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர் வரும் நாளில், எட்டாம் நம்பர் வீட்டு ரேணுகாதேவியின் மகள் சஷ்டிகாவுடைய பசி அவளை விட்டு இறங்கி, நடையில் மெதுவாக நடந்து வந்து, எங்கள் குழாயடியில் உட்கார்ந்தது. அது யாருடைய பசி என்று லைனில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தெரிந்தும் கார்த்திகை வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறாமைதான் காரணம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடு எங்களுடையது. நாலு வீடு இந்தப் பக்கம், நாலு வீடு அந்தப் பக்கம், நடுவில் ஒரு நடை, நடைக்கோடியில் ஒரு குழாய், மேலே சிமென்ட் ஷீட். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரையைத் தொடாமல் ஒரு முழம் விட்டு நின்றுவிடும், அதனால் ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எட்டு வீட்டிலும் தும்முவோம். நான் ஏழாம் நம்பர், பெயர் கோகிலவாணி. கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாகப் பனியன் வாங்கி வந்து வீட்டிலேயே உட்கார்ந்து பிசிறு வெட்டிக் கொடுப்பேன். எனக்கு ஒரே மகள் மோனிஷா, வயது எட்டு. சஷ்டிகாவுக்கும் எட்டு, அதே பள்ளிக்கூடம், அதே மூன்றாம் வகுப்பு, அதே பெஞ்சு.

என் மகளுக்குச் சோறு ஊட்டுவது ஊரே வேடிக்கை பார்க்கிற கூத்து. செல்போனில் பொம்மைப் படம் ஓட வேண்டும், குழாய் வரைக்கும் நடக்க வேண்டும், காக்காயைக் கூப்பிட வேண்டும், போலீஸ்காரரைக் கூப்பிட வேண்டும், மூன்றாவது வாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவள் என்னையே பார்ப்பாள், ஒரு இட்லிக்கு ஒன்றரை மணி நேரம். பக்கத்து வீட்டில் சஷ்டிகா தட்டை வைத்ததும் இடது காலை மடித்து உட்காருவாள், ஊதி ஊதிச் சாப்பிடுவாள், தட்டைத் தானே கழுவிக் கவிழ்ப்பாள். "என்ற புள்ளைக்குத் தட்டு வெச்சாப் போதும்க்கா, மத்ததை அவளே பாத்துக்குவா" என்று ரேணுகா அக்கா குழாயடியில் சொல்லும்போதெல்லாம் என் வயிறு பற்றி எரியும். அவள் மகள் முதல் ரேங்க் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை.

மற்ற வீட்டுத் தாய்மார்களின் கண்ணும் அந்தத் தட்டின் மேல்தான் இருக்கிறது என்று ரேணுகா அக்காவுக்கும் தெரியும். பிள்ளை சாப்பிடுவதை வேற்றுக் கண் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம். அக்கா அதை ஒரு படி மேலே கொண்டு போனாள். ஆடி பிறந்ததிலிருந்து மகளுக்குத் தட்டு வைத்துவிட்டுக் கதவை வெளியே சாத்தி, வாசல்படியில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். உள்ளே பிள்ளை, வெளியே தாய், அவள் பார்வை முழுக்க எங்கள் மேல். இன்னொன்றும் உண்டு. லைனில் யார் பிள்ளையையும் பார்த்து இளைத்துவிட்டாள் என்று சொல்லக் கூடாது, பூசினாற்போல் இருக்கிறாள் என்றும் சொல்லக் கூடாது, இரண்டுமே கண் வைத்த கணக்கு. ஆகவே பிள்ளைகளின் உடம்பைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை.

ஆனால் நான் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் மேல் ஏறி நின்றால் சுவருக்கு மேலே அந்த வீட்டு அடுப்படி முழுசாகத் தெரியும். சோற்றில் அக்கா அப்படி என்னத்தைக் கலந்து வைக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் ஏறினேன். தெரிந்தது வேறு. பிள்ளை முட்டையை எடுத்து ஜன்னல் வழியாகப் பூனைக்குப் போட்டாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இவளும் நம் பிள்ளை மாதிரி சோற்றுக்கு முகம் சுளிக்கிறவள்தான் என்று வயிறு குளிர்ந்து இறங்கினேன். அடுத்த நாளும் ஏறினேன், அதற்கடுத்த நாளும் ஏறினேன், அவள் வீட்டில் சாப்பிடுகிற வேளையெல்லாம் ஏறினேன், கோயிலுக்குப் போகிறவள் மாதிரி தவறாமல் ஏறினேன். அவள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாள், நான் ஒவ்வொன்றாகப் பார்த்து மகிழ்ந்துகொண்டே வந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் பசி இறங்கி வந்தது.

ஆட்டுக்குட்டி உயரம் இருந்தது, வெளுக்காத பனியன் துணியின் நிறம், இஸ்திரி போட்டு இறக்கிய கட்டு போல உடம்பெல்லாம் வெதுவெதுப்பு. குழாயடியில் இடது காலை மடித்து உட்கார்ந்துகொண்டு வெறும் காற்றை ஊதி ஊதி விழுங்கியது. ஒன்றாம் நம்பர் பாப்பாத்தி அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "இதென்னடி, யாரோட பசியோ வழி தப்பி வந்திருச்சாட்ட இருக்குது" என்றாள், குடத்தை நிரப்பினாள், போனாள். அது அவள் பின்னாலேயே போயிற்று. அன்று மத்தியானம் பாப்பாத்தி அக்காவின் இரட்டைப் பையன்கள், தொட்டதற்கெல்லாம் மூக்கைச் சுளிக்கிறவர்கள், ஆளுக்கு ஏழு தோசை தின்றுவிட்டு மாவு தீர்ந்துவிட்டது என்று அழுதார்கள். பசி எதையும் தின்பதில்லை. அது எந்த வீட்டில் படுத்திருக்கிறதோ அந்த வீட்டில் இருக்கிறவர்கள் தின்றார்கள்.

அதற்குப் பிறகு லைன் லைனாக இல்லை. ஒருத்தி முறுக்கைக் காட்டிக் கூப்பிட்டாள், ஒருத்தி கருவாட்டைச் சுட்டு வாசலில் வைத்தாள், இன்னொருத்தி அதைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கதவைச் சாத்தினாள். மனைவி போன பிறகு டீயும் பன்னுமாகக் காலம் தள்ளிய நாலாம் நம்பர் ஆறுமுகண்ணன் ஒரு நாள் குழம்பு வைத்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவாமல் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். சண்டை முற்றிப்போய் ஒருநாள் குடத்தால் அடித்துக்கொண்டோம். கடைசியில் பாப்பாத்தி அக்காதான், தண்ணீருக்கு இருக்கிற முறையையே பசிக்கும் வைத்துவிடலாம் என்று சொல்லி, குழாயடித் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் வரிசை எழுதினாள். வீட்டுக்கு ஒரு நாள். யார் கண்ணும் படாமலிருக்க அதன் காலில் ஒரு கறுப்புக் கயிறும் கட்டினாள். பக்கத்து லைன்காரிகள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தரச் சொல்லிக் கெஞ்சினார்கள், நாங்கள் தரவில்லை.

எட்டாம் நம்பர் முறை வந்தபோது ரேணுகா அக்கா சிரித்தாள். "என்ற புள்ளைக்கு இது எதுக்குங்க்கா? அவ தன்னால சாப்புடறவ. எங்க முறையை வேணுங்கறவிய எடுத்துக்குங்க" என்றாள். கதவிடுக்கில் நின்ற சஷ்டிகா பசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏழு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். அந்தச் சிரிப்பைத் துடைக்க என்னிடம் ஒரு சொல் இருந்தது, அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். சொன்னால் பசி அந்த வீட்டுக்குப் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

என் முறை நாட்களில் மோனிஷா சாப்பிட்டாள். காக்காய் இல்லை, போலீஸ் இல்லை, செல்போன் இல்லை. "அம்மா, இன்னொன்னு" என்று அவள் கேட்டதும் நான் தோசைக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. மறுநாள் காலையில் அதைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் விடும்போது கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக் கொடுப்பது போல இருக்கும். ஐப்பசி மாதம் ஒரு முறையன்று நான் அதை விடவில்லை. பிசிறு வெட்டாத பனியன் கட்டுகளை நாலு பக்கமும் அடுக்கி, நடுவில் அதைப் படுக்க வைத்து மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டுவிட்டு, "காலைல எந்திரிச்சுப் பாத்தாக் காணோம்க்கா, எந்தப் பக்கம் போச்சோ" என்று வாசலில் நின்று கையை விரித்தேன்.

இருபது நாள் அது என்னிடம் இருந்தது. என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அந்த இருபதைத்தான் சொல்வேன், வெட்கத்தோடு சொல்வேன். மோனிஷாவின் கன்னம் உருண்டது. லைன் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். வாயால் சொல்ல முடியாததைக் கண்ணால் சொல்லிப் பொருமினார்கள். அடுத்தவள் வயிறு எரிகிற வாசம் இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்த இருபது நாளும் நான் சிலிண்டர் மேல் ஏறவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை.

கார்த்திகை முதல் ஞாயிறு, பட்டப்பகல், ஷீட் கொதிக்கிறது. மோனிஷா சாப்பிட உட்காரும் நேரத்துக்குக் கணக்கு நோட்டுக் கேட்டு சஷ்டிகா வந்தாள். அந்த வெயிலில் அவள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். நோட்டை வாங்கியவள் போகாமல் மோனிஷா பக்கத்தில் உட்கார்ந்தாள், என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள், மோனிஷாவுக்கு ரசம் ஊற்றினாள், அப்பளம் வைத்தாள், ஒவ்வொரு வாயும் உள்ளே போவதைக் கண் இமைக்காமல் பார்த்தாள். "நீயும் ஒரு வாய் சாப்புடு கண்ணு" என்றேன், சும்மா வாய்வார்த்தைக்கு. "இப்பத்தானுங்கத்தை சாப்பிட்டேன்" என்றாள். அவள் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்போது கட்டுகளுக்குள் படுத்திருந்த பசி போர்வையைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. என்னிடம் இருந்த இருபது நாளில் அது ஒரு சத்தம் போட்டதில்லை. இப்போது கன்றுக்குட்டி மாதிரிக் கத்திக்கொண்டு அவளிடம் ஓடியது. சஷ்டிகா பின்வாங்கி நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அத்தை, புடிங்க, புடிங்க!"

அதை அள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். அது திமிறியது. "இது இங்க இருக்கறது யாருகிட்டயும் சொல்லீராத சாமி" என்றேன். அந்த நேரத்திலும் என் கவலை அதுதான்.

"சொல்ல மாட்டனுங்கத்தை. நீங்களும் இதை வெளிய விட்றாதீங்க. இது வந்தா நான் சாப்புடோணும். சோத்தைப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்குது, தொண்டைல வந்து அடைக்கறாப்பல இருக்குது. இங்கயே வெச்சுக்குங்க." கதவு வரைக்கும் போனவள் திரும்பினாள். "ரொம்ப தேங்க்ஸுங்கத்தை."

அவள் சாய்ந்திருந்த இடத்தில், சுவரிலும் பாயிலுமாக, ஒரு கை அளவு தலைமுடி உதிர்ந்து கிடந்தது. நாள் முழுக்கப் பிசிறு பொறுக்குகிறவள் நான்; குனிந்து பொறுக்கினேன், பொறுக்கிக்கொண்டே இருந்தேன், தீரவில்லை. என்னை எத்தனையோ பேர் எத்தனையோ திட்டியிருக்கிறார்கள், அந்த தேங்க்ஸ் மாதிரி ஒன்றும் என்னைச் சுட்டதில்லை. பசியை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே எட்டாம் நம்பருக்குப் போனேன்.

ரேணுகா அக்கா நடையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "அக்கா, இது உங்க புள்ளையோட பசிங்க. ஆடியில இருந்தே அவ ஒழுங்காச் சாப்புடறதில்லை" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தனுங்க. செவுத்துக்கு மேல இருந்து பாத்தேன். தினமும் பாத்தேன்."

"என்ற புள்ள சோறு திங்கறதைப் பாத்தியா?" அவள் கையிலிருந்த ஈரத்துணி என் முகத்தில் வந்து விழுந்தது. லைன் முழுக்க வெளியே வந்துவிட்டது. பாப்பாத்தி அக்காவுக்கு முதல் கோபம் பசியை நான் ஒளித்து வைத்ததில். "இருவது நாளா எங்களைக் கேனையாக்கிட்டயேடி" என்று கத்தினாள். அப்புறம்தான் மற்றது அவளுக்கு உறைத்தது. "கொள்ளிக்கண்ணி, நீதான் கண்ணு வெச்சிருக்கற" என்றாள். ஆமாம் என்றேன். வைத்த கண்ணை இல்லை என்று எப்படிச் சொல்வது?

"இவ சொல்றது பொய். என்ற புள்ள சாப்புடறாளா இல்லையான்னு எல்லாரும் பாருங்க!" ரேணுகா அக்கா கதவை விரியத் திறந்தாள். ஆடி மாதத்துக்குப் பிறகு சாப்பாட்டு வேளையில் அந்தக் கதவு திறந்தது அன்றைக்குத்தான். தட்டில் சோறும் பருப்பும் போட்டு மகள் முன்னால் வைத்துவிட்டு, எங்களோடு வந்து நின்றுகொண்டு, அவளும் பார்த்தாள். பிள்ளை இடது காலை மடித்து உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள், சின்னச் சின்ன உருண்டையாகப் பிரித்தாள், தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள், தண்ணீர் குடித்தாள், ஒரு உருண்டையை வாய் வரைக்கும் கொண்டுபோனாள், கையை இறக்கினாள், மறுபடி தண்ணீர் குடித்தாள். எட்டு வீட்டாரும் மூச்சு விடாமல் நின்றோம். கால் மணி நேரத்தில் தட்டு காலியானது. "பாத்தீங்களா!" என்று அக்கா திரும்பினாள். சஷ்டிகா தட்டைக் கழுவ எழுந்தபோது ஸ்வெட்டர் கைகளுக்குள்ளிருந்து உருண்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

ரேணுகா அக்கா மகளிடம் போய் ஸ்வெட்டரைக் கழற்றினாள். அந்தக் கையை அவள் அத்தனை மாதமாகப் பார்க்காமலா இருந்திருப்பாள்? குளிப்பாட்டியிருக்கிறாள், ஜடை பின்னியிருக்கிறாள். ஆனால் இப்போதுதான் பார்த்தாள்.

மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வந்தது. அக்கா என்னிடம் பேசவில்லை, ஆனால் சீட்டில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள், நான் ஏறிக்கொண்டேன். குழந்தைகள் வார்டு டாக்டரம்மா நாடி பார்த்தார், எடை பார்த்தார், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஒரு காகிதம் எடுத்தார், இதயம் துடிக்க வேண்டியதைவிட மெதுவாகத் துடிக்கிறது என்றார். "எப்ப இருந்து சாப்பாடு குறைஞ்சுது? முதல்ல எதை நிறுத்தினா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அக்கா. "நான் கதவுக்கு வெளியதான் உக்காந்திருந்தேன்." அப்புறம் என்னைப் பார்த்தாள். "இவளைக் கேளுங்க."

நான் சொன்னேன். ஆடி முதல் புதன்கிழமை முட்டையை விட்டாள், பூனைக்குப் போட்டாள், ஆடிப்பெருக்கன்றைக்குத் தேங்காய்ச் சாதத்தில் தேங்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே வைத்தாள், அதற்கடுத்த வாரம் எண்ணெய் மினுமினுக்கும் எதையும் தொடுவதை விட்டாள், சுதந்திர தின மிட்டாயை மோனிஷாவுக்குக் கொடுத்தாள், ஆவணியில் பாலை விட்டாள், தட்டுக் கழுவுகிற சாக்கில் சோற்றைச் சாக்கடையில் விட்டாள், விநாயகர் சதுர்த்திக்கு அம்மாவோடு உட்கார்ந்து நாற்பது கொழுக்கட்டை பிடித்தாள், ஒன்றும் தின்னவில்லை, எல்லார் வீட்டுக்கும் கொண்டுவந்து கொடுத்துத் தின்னும் வரைக்கும் நின்று பார்த்தாள், புரட்டாசியில் ஸ்வெட்டர் போட்டாள், சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்கப் பழகினாள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பள்ளிக்கூட மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்தாள், யாரிடமும் சொல்லாதே என்று மோனிஷாவிடம் சொன்னாள், மோனிஷா எனக்குச் சொன்னாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார், பக்கம் திருப்பி எழுதினார்.

"நீங்க சொந்தக்காரங்களா?"

"இல்லீங்க, பக்கத்து வீடு."

"இவ்வளவு சரியா அம்மாமார்கூடச் சொன்னதில்லை. எப்படிக் கவனிச்சீங்க?"

"பொறாமைல பாத்தனுங்க."

அவர் பேனாவை வைத்தார். "நிறையப் பேர் புள்ளைங்க மயக்கம் போட்டு விழுந்த பிறகுதான் தூக்கிட்டு வர்றாங்க. அதைப் பாத்தா நீங்க சீக்கிரம்தான். ஆனா பாத்த மாசமே கூட்டிட்டு வந்திருந்தா இந்தப் புள்ள இவ்வளவு வாடியிருக்க வேண்டியதில்லை" என்றார். ஏன் இப்படி ஆனது என்று அக்கா கேட்டாள். யார் மேலும் பழி போட வேண்டாம், அதை அவளோடு பேசிப் பேசி மெல்லத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு வேறொரு டாக்டர் வருவார், இப்போதைக்குச் சாப்பாடுதான் மருந்து என்றார்.

பன்னிரண்டு நாள் வார்டில் இருந்துவிட்டு வந்தார்கள். என் இடுப்பை விட்டு இறங்கிய பசி அதுவரைக்கும் எட்டாம் நம்பர் வாசலுக்கு நாலடி தள்ளிப் படுத்திருந்தது. முறுக்கு, கருவாடு, எதற்கும் அது அசையவில்லை. பாப்பாத்தி அக்கா தொட்டிச் சுவரில் இருந்த வரிசையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். என் வீட்டில் மறுபடி காக்காய், மறுபடி போலீஸ், மறுபடி ஒரு இட்லிக்கு ஒன்றரை மணி நேரம்.

ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு வேளையும் ஒரு பெரியவர் எதிரில் உட்கார்ந்து கடைசி வாய் வரைக்கும் பார்க்க வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரம் கூடவே இருக்க வேண்டும். அதுதான் டாக்டரம்மா சொல்லி அனுப்பியது. இரண்டு வாரம் அக்கா லீவு போட்டுப் பார்த்தாள். அதற்கு மேல் கம்பெனியில் விடவில்லை. அரையாண்டு லீவில் ஒரு திங்கட்கிழமை காலை, ஷிப்டுக்குப் போகிற கோலத்தில் என் வாசலில் வந்து நின்றாள்.

"கோகிலா, உன்னை எனக்குப் புடிக்கலை. இன்னும் புடிக்கலை. ஆனா இந்த லைன்ல உன்ற கண்ணு மாதிரி வேற கண்ணு இல்லை. வந்து உக்காரு."

போய் உட்கார்ந்தேன். கதவு திறந்தே இருந்தது. தட்டில் நெய் விட்ட பருப்புச் சாதம், உள்ளங்கை அளவு. சஷ்டிகா என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. "உங்களை நம்பினேன். போய்ச் சொல்லிட்டீங்க" என்றாள். "ஆமா கண்ணு" என்றேன். சோற்றைப் பிரித்தாள், அடுக்கினாள். இன்று ஸ்வெட்டர் இல்லை. அழுதாள், தட்டைத் தள்ளினாள், நான் அதைத் திரும்ப நகர்த்தி வைத்தேன். "பாக்காதீங்கத்தை" என்று கத்தினாள்.

"பாப்பேன். நீ எவ்வளவு வேணுன்னாலும் திட்டு. நான் பாப்பேன்."

பக்கத்து வீட்டில் மோனிஷா காலையில் வைத்த தோசையைத் தொடாமல் வைத்துவிட்டுத் தூங்குகிறாள். இங்கே முக்கால் மணி நேரம் கழித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடுத்தவள் பெற்ற பிள்ளை ஒரு வாய் சோற்றை வாய்க்குள் வைத்தாள். மென்றாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. வாசலுக்கு வெளியே படுத்திருந்த பசி தலையைத் தூக்கிப் பார்த்தது, எழுந்தது, ஓரடி வைத்தது, படியில் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நின்றது. அது என் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வயிறு எரிந்தது.

"இன்னொரு வாய், கண்ணு" என்றேன்.